ஜகாத் கவரும் பறிபோன வேலையும்



நம் சமுதாயத்து வணிகர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கடையில் பத்தாண்டுகள் உழைத்த ஒருவர் நோயுற்றோ விபத்தில் அடிபட்டோ இரண்டு மாதங்கள் படுத்துவிடுகிறார். முதலாளி மருத்துவமனைக்குச் சென்று நலம் விசாரிக்கிறார், பழம் வாங்கிக் கொடுக்கிறார், துஆச் செய்கிறார். இவை யாவும் நல்லவையே. ஆனால் உடல் தேறி அந்த ஊழியர் கடைக்குத் திரும்பும்போது அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருக்கிறார். “தம்பி, உடம்பை நல்லாப் பாத்துக்குங்க, அவசரமே இல்லை, சொல்லி அனுப்புறேன்” என்கிறார் முதலாளி. தேநீர் வருகிறது. புறப்படும்போது கையில் ஒரு கவர் திணிக்கப்படுகிறது. கவருக்குள் இருப்பது ஜகாத் பணம். சொல்லி அனுப்பும் நாள் வருவதேயில்லை.

இதற்கு நாம் இஹ்ஸான் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். இது அநீதி. ஒருவருடைய உரிமையை எடுத்துக்கொண்டு, அவரையே ஏழையாக்கி, பிறகு ஏழைக்குரிய தர்மத்தை அவருக்கே கொடுத்து, அதற்கு மறுமையில் நற்கூலியும் எதிர்பார்ப்பதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

சமயநல்லூரிலிருந்து நாள்தோறும் எத்தனை பேர் மதுரைக்கு வேலைக்குப் போகிறார்கள் என்பதை இவ்வூரார் அறிவர். மாசி வீதிகளின் ஜவுளிக்கடைகள், விளக்குத்தூண் பகுதியின் மொத்த வியாபாரக் கடைகள், பரவை காய்கறிச் சந்தை, வாடிப்பட்டிப் பக்கத்து ஆலைகள் என்று பிழைப்பு பரந்து கிடக்கிறது. திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்தோடு விழுந்து எழுந்தவர் இல்லாத தெரு இப்பகுதியில் குறைவு. மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இதன் விளைவு வேறொரு வழியாகத் தெரியவருகிறது. மாலை மக்தபுக்குத் தவறாமல் வரும் சிறுவன் திடீரென்று வராமற்போகிறான். விசாரித்தால், அத்தாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததாம்; கட்டுப் பிரித்துப் போனபோது கடையில் வேண்டாம் என்று விட்டார்களாம்; பையன் மாலை வேளைகளில் பேக்கரியில் நிற்கிறானாம். அந்தக் கடையின் முதலாளியும் நம்மவரே, ஐவேளை தொழுபவர்.

மார்க்கச் சட்டத்தை முதலில் பார்ப்போம். வேலைக்கு அமர்த்துவது ‘இஜாரா’ என்னும் ஒப்பந்தம். நோயுற்ற நாள்களுக்கும் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்று பழைய ஃபிக்ஹ் நூல்கள் கூறவில்லை. அதை மறைத்து எழுதுவது நாணயமாகாது. ஊழியர் வராத நாளுக்குக் கூலி கடமையாகாது என்பதே அந்நூல்களின் பொதுவிதி. தக்க காரணம் ஏற்பட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றும், நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் எழுதியுள்ளார்கள். ஓரளவு கிதாபு தெரிந்த முதலாளிமார் இவ்விரு வரிகளோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடிய புத்தகத்தில் மேலும் சில பக்கங்கள் உள்ளன. தன் நேரம் முழுவதையும் ஒரே முதலாளிக்கு ஒப்படைத்த ஊழியரை ‘அஜீர் காஸ்’ என்பார்கள். அவர் வேலை செய்ய ஆயத்தமாக வந்து நின்றாலே ஒப்பந்தக் காலத்தின் கூலிக்கு உரியவராகிறார். அவருக்கு வேலை கொடுக்காமல் இருப்பது முதலாளியின் பாடு. உஸ்மானிய அரசு 19 ஆம் நூற்றாண்டில் ஹனஃபி சட்டங்களைத் தொகுத்த ‘மஜல்லா’வின் 425 ஆம் விதி இதைத் தெளிவாகக் கூறுகிறது. எனவே, ‘உன் கணக்கை முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் துணிவும் இல்லாமல், ‘அடுத்த வாரம் வா, ரமளான் கழியட்டும், ஆடித் தள்ளுபடி வரட்டும்’ என்று அலைக்கழிக்கிறீர்களே, ஒப்பந்தம் முறியாத அந்த நாள்கள் ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

அதே மஜல்லாவின் 43 ஆம் விதி, வழக்கத்தில் அறியப்பட்ட ஒன்று, வாயால் பேசி ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குச் சமம் என்னும் கருத்தைத் தருகிறது. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும் நபிமொழியின் கருத்தே. அப்படியானால், உரிமம் எடுத்து, இந்நாட்டின் சட்டப்படி நடப்பேன் என்று எழுதிக் கொடுத்துக் கடை திறந்தவர், அந்தச் சட்டம் ஊழியருக்குக் கொடுத்தவற்றையும் சேர்த்தே ஒப்புக்கொண்டவராகிறார்.

அச்சட்டம் என்ன கொடுத்திருக்கிறது? நான் விசாரித்த அளவில் கடைக்காரர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நோய் அல்லது விபத்தின் பொருட்டு ஆண்டுக்கு 12 நாள்கள் வரை ஊதியத்துடன் விடுப்பு தருகிறது. தற்செயல் விடுப்பு 12 நாள்கள் தனி. ஓராண்டு பணி முடித்தவருக்கு உரிய ஊதிய விடுமுறை 12 நாள்களும் தனி. ஆறு மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணம் இன்றியும், ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இன்றியும் நீக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 41 ஆம் பிரிவு விலக்குகிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும் ஆலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 1948 ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் கடுமையான வேலி போட்டது. நோய்க்காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை. வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கினால் 90 விழுக்காடு. அந்த உதவியைப் பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் வேலைநீக்கம் செய்வதையும் தண்டிப்பதையும் அதன் 73 ஆம் பிரிவு தடுத்தது. அந்நாள்களில் அனுப்பிய நீக்க அறிவிப்பே செல்லாது.

வேலையில் அடிபட்டவரிடம் ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். பணிக்காயத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-லேயே ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் எழுதிவைத்தது. வலியிலும் கடனிலும் இருப்பவரிடம் வாங்கிய கையொப்பத்தில் மனப்பொருத்தம் எங்கே இருக்கிறது என்று மார்க்கமும் கேட்கும்.

இனி ஜகாத்துக்கு வருவோம். ஏழை ஊழியருக்கு ஜகாத் கொடுக்கலாம், அதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு நாம் தரவேண்டிய கூலிக்கோ, கடனுக்கோ, இழப்பீட்டுக்கோ ஈடாக ஜகாத்தைக் கணக்கிட முடியாது. அப்படிக் கொடுத்தால் கடனும் தீராது, ஜகாத்தும் நிறைவேறாது. விடுப்பு நாள்களின் ஊதியத்தையும் அலைக்கழித்த நாள்களின் கூலியையும் வைத்துக்கொண்டு கவரை நீட்டுபவர், ரமளானில் கணக்குப் பார்க்கும்போது இதை ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

முதியவர் ஒருவருடைய மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு தந்தையிடம் பரிந்துரைத்த நிகழ்ச்சியை அல்கஸஸ் அத்தியாயத்தில் ஓதுகிறோம். வலிமையும் நம்பகமும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்று அப்பெண்மணி கூறியதை முதலாளிமார் எடுத்துக்காட்டுவது உண்டு: ‘வலிமை போய்விட்டதே, ஹஜ்ரத்!’ அடுத்த வசனத்தையும் ஓதுங்கள் என்பேன். உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்று வேலை தருபவர் அங்கே உறுதி கூறுகிறார். மேலும், வலிமை, நம்பகம் என்று இரண்டு தகுதிகள் அங்கே சொல்லப்பட்டன. பத்தாண்டுகள் கல்லாப்பெட்டிக்கு அருகில் நின்றும் ஒரு ரூபாய் குறையாமல் பார்த்துக்கொண்டவரின் நம்பகம், கால் எலும்போடு சேர்ந்து முறிந்துவிட்டதா?

இன்னொரு ஹதீஸ் நம் முதலாளிமார் அனைவரும் கேட்டதே. ஓர் அடியார் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, உடல்நலத்துடன் ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களுக்குரிய நன்மை அவருக்கு எழுதப்படுகிறது என்னும் கருத்தில், அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாம் காய்ச்சலில் படுத்து ஜமாஅத் தொழுகையைத் தவறவிடும்போது இந்த ஹதீஸ் எவ்வளவு ஆறுதல் தருகிறது! படைத்தவன் நம் வருகைப் பதிவேட்டைத் தொடர்ந்து நிரப்புகிறான். நம்மிடம் வேலை செய்பவரின் பெயரை நாம் முப்பதாம் நாளே அடித்துவிடுகிறோம்.

உமர் (ரலி) அவர்கள் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பார்வையிழந்த முதிய யூதர் ஒருவரைக் கண்ட செய்தியை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் தருகிறார்கள். அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று இருப்பதைக் கொடுத்ததோடு கலீஃபா நிறுத்தவில்லை. இவருடைய இளமையின் பயனை நாம் அனுபவித்துவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்ற கருத்தைச் சொல்லி, அவரிடமும் அவரைப் போன்றோரிடமும் ஜிஸ்யா வாங்குவதை நிறுத்தி, பைத்துல்மாலிலிருந்து உதவவும் ஆணையிட்டார்கள். ஒரு முறை கொடுப்பதோடு பொறுப்பு தீரவில்லை என்று அவர்கள் கருதினார்கள். நாம் கவரோடு தீர்ந்துவிட்டது என்று கருதுகிறோம்.

நம் குடும்பங்களைத் தைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். சவூதி அரேபியாவின் தொழிற்சட்டம் ஆண்டுக்கு 120 நாள்கள் நோய்விடுப்பு தருகிறது: முதல் 30 நாள்கள் முழு ஊதியம், அடுத்த 60 நாள்கள் முக்கால் ஊதியம், கடைசி 30 நாள்கள் ஊதியமின்றி. ஐக்கிய அரபு அமீரகத்தில் சோதனைக்காலம் முடித்தவருக்கு 90 நாள்கள்: 15 நாள் முழு ஊதியம், 30 நாள் பாதி, மீதி ஊதியமின்றி. அங்கே மகனை நோய்விடுப்பில் இருக்கும்போது கம்பெனி நீக்கிவிட்டால் இங்கே வீடே கொதிக்கிறது. தூதரகத்தில் யாரைப் பிடிப்பது என்று தொலைபேசிகள் பறக்கின்றன. அதே வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மா சிக்குன்குனியா வந்து இருபது நாள் கழித்து மூட்டு வீக்கத்தோடு வந்தால், ‘வேற ஆள் பாத்துட்டோம்மா’ என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறோம். சகோதரிகள் இதைக் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். வீட்டு முதலாளி நீங்கள்தாம்.

‘சிறிய கடை, ஹஜ்ரத். நான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவர் பாதி வேலை செய்தால் எப்படிக் கட்டுப்படியாகும்?’ இது நேர்மையான கேள்வி. நான்கு பேர் கொண்ட கடையும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இல்லையென்றால் பொருத்தமான இடம் கிடைக்கும்வரையோ ஓய்வுபெறும்வரையோ உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அக்கட்டளை அரசு நிறுவனங்களுக்கு உரியது. நம் கடைவாசலில் அது நின்றுவிடுகிறது.

ஆயினும் நீதிமன்றங்கள் சிந்தித்த முறையில் நமக்குப் பாடம் இருக்கிறது. காலில் அடிபட்டு அந்தக் காலையே இழந்த காவலர் ஒருவரைப் பணிக்கு லாயக்கற்றவர் என்று அனுப்பியபோது, 2003-இல் உச்சநீதிமன்றம் குணால் சிங் வழக்கில் அந்த ஆணையை ரத்துச் செய்தது. ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காக வேலையில் தொடரும் உரிமை போய்விடாது என்றது. நம் கவருக்கும் இதுவே பதில். 2025 ஆகஸ்ட் 1 அன்று நீதிபதிகள் ஜே.கே. மகேஸ்வரி, அரவிந்த் குமார் அமர்வு தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. நிறக்குருடு என்று கண்டறியப்பட்டதால் அவரை மருத்துவக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். பேருந்து ஓட்டத் தகுதியில்லை என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. வேறு வேலை இருக்கிறதா என்று கழகம் உண்மையாகத் தேடிப் பார்த்ததா என்று கேட்டது. தேடவில்லை என்று கண்டு, பொருத்தமான பணியும் நிலுவையில் கால்பங்கு ஊதியமும் கொடுக்க ஆணையிட்டது.

தேடிப் பார்த்தீர்களா என்னும் இந்தக் கேள்வியை நான்கு பேர் கொண்ட கடையிடமும் கேட்கலாம். மூட்டை இறக்கியவரைப் பில் எழுத உட்கார வைக்க முடியுமா? நாள் முழுதும் நிற்க முடியாதவரை முதல் மாதம் அரைநாள் வரச்சொல்லி அரைச் சம்பளம் கொடுக்க முடியுமா? ஒரு நாற்காலி போட முடியுமா? நாற்காலியைப் பற்றிச் சட்டமே வந்துவிட்டது. கேரளத்தைத் தொடர்ந்து தமிழகச் சட்டமன்றமும் 2021 செப்டம்பரில் கடைச் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்று விதித்தது. உட்காரும் உரிமைக்குச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே நம் வணிக வீதிகளின் நிலையைச் சொல்கிறது. உங்களிடம் பணிபுரிவோர் உங்கள் சகோதரர்கள், இயலாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்னும் கருத்தை அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கைகொடுக்கச் சொன்னார்களே தவிர, இயலாதவரை வெளியேற்றச் சொல்லவில்லை. பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை பிலால் (ரலி) அவர்களோடு முஅத்தினாக வைத்திருந்தார்கள். தாம் வெளியூர் சென்ற நாள்களில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்த திறன் எதுவோ அதற்கேற்ற பணியைக் கொடுத்தார்கள்.

தேடிப் பார்த்தும் உண்மையிலேயே வழியில்லை என்றால், நேரில் அழைத்துச் சொல்லுங்கள். கணக்கை முடித்து, சேரவேண்டியதைச் சேர்த்துக் கொடுத்து, வேறு இடத்தில் சேர்த்துவிட முயலுங்கள். அதன் பிறகு தருவதற்கு தர்மம் என்று பெயர் சொல்லலாம்.

ஊழியர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு; அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஒருபக்கச் சாட்சியாகிவிடும். பணம் கொடுத்து வாங்கிய மருத்துவச் சான்றிதழ் பொய்ச்சாட்சி. பெரும்பாவங்களின் வரிசையில் வைத்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஒன்று. காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துவிட்டு மச்சானுடைய கடையில் ஒரு வாரம் நின்று சம்பாதிப்பவர், இரண்டு இடத்தின் பரக்கத்தையும் இழக்கிறார். படுத்திருக்கும் நாள்களில் முதலாளிக்கு ஒரு தகவல்கூடச் சொல்லாமல் கைபேசியை அணைத்து வைப்பதும், இரண்டு மாதம் கழித்து வந்து ‘என் இடம் எங்கே’ என்பதும் முறையாகா. சேதி சொல்லுங்கள், மருத்துவர் எத்தனை வாரம் என்றார் என்பதைத் தெரிவியுங்கள், முடிந்தால் தாளை அனுப்புங்கள். புதிதாக வந்தவருக்குச் சரக்கு இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பதில் உங்கள் மதிப்பு குறையாது.

மறைத்தலில் எல்லாவற்றிலும் கொடியது, ஆகாத உடலை ஆகும் என்று சொல்வது. வலிப்பு வந்ததை மறைத்து வேன் ஓட்டுபவர், கண் மங்கியதை மறைத்து மர அறுவை இயந்திரத்தில் நிற்பவர், பிறருடைய உயிரைப் பணயம் வைக்கிறார். வேலை போய்விடுமே என்ற அச்சத்தால்தான் மறைக்கிறார்கள் என்பதை அறிவேன். உண்மையைச் சொன்னால் வேறு வேலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் இவர்களில் பெரும்பாலோர் மறைக்க மாட்டார்கள். ஆகவே இந்தப் பாவத்தில் முதலாளிக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

கடைக்காரர்களை இவ்வளவு கேட்கும் நாம் பள்ளிவாசல்களை விட்டுவிட முடியாது. மோதினார் மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் நம் நிர்வாகங்கள் என்ன செய்கின்றன? ஜும்ஆவில் துண்டு ஏந்தி வசூல் செய்கிறோம். மறுமாதம் வேறு மோதினார் வருகிறார். பழையவர் பள்ளிவாசல் அறையைக் காலி செய்கிறார். துண்டில் விழுந்த பணம் கவரின் இன்னொரு வடிவமே. இமாமுக்கும், மோதினாருக்கும், உஸ்தாதுக்கும் நோய்விடுப்பு எத்தனை நாள், திரும்பி வரும்வரை இடம் காக்கப்படுமா என்று எழுதி வைத்த ஜமாஅத் உங்கள் ஊரில் இருக்கிறதா? முத்தவல்லிகள் வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கலாம். அரசின் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்து கொடுப்பதும் நிர்வாகத்தின் வேலையாக இருக்கட்டும். மதுரைக்கு அலைந்து விண்ணப்பம் வாங்க மோதினாருக்கு நேரமில்லை.

கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நாம் கைமாற்றுப் பணத்தை எழுதுகிறோம், வேலையை எழுதுவதில்லை. இனி ஒருவர் விடுப்பில் போகும்போது அவருக்குப் பதிலாக வருபவரிடம், ‘இன்னார் குணமாகி வரும்வரை, அதிகம் போனால் மூன்று மாதம்’ என்று முதல் நாளே சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பதிலாக வருபவருக்கும் குடும்பம் இருக்கிறது. நிரந்தரம் என்று நம்பவைத்துப் பிறகு அனுப்புவது அவருக்குச் செய்யும் அநீதி. பழையவருடைய பெயரைச் சம்பளப் பேரேட்டிலேயே வைத்திருங்கள். அவர் திரும்பும் நாளில் மருத்துவர் தடுத்த வேலை எது, அனுமதித்த வேலை எது என்று கேட்டு, ஒரு மாதத்துக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். மாத முடிவில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். தேநீரை அப்போது வரவழைக்கலாம்.